நீண்ட மேக்ரோ ஓடும்போது எக்செல் உறைந்துபோகாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி:

வணக்கம் நண்பர்களே. ஒரு ஷீட்டில் 40,000 வரிசைகள், இன்னொன்றில் 6,000 வரிசைகள் கொண்ட விலைப்பட்டியல். ஒவ்வொரு பொருள் குறியீட்டையும் பட்டியலில் தேடி, விலையை எடுத்துப் பெருக்கி, பக்கத்து செல்லில் எழுத வேண்டும். வி.பி.ஏ-வில் (எக்செலில் மேக்ரோ எழுதும் மொழி) லூப்புக்குள் லூப் வைத்து எழுதியிருக்கிறேன். ஓடத் தொடங்கிய சில நொடிகளில் திரை வெளுத்து, மேலே ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்துவிடுகிறது. எத்தனையாவது வரிசை என்று ஸ்டேட்டஸ் பாரில் காட்டச் சொல்லியிருந்தேன், அதுவும் அப்படியே நின்றுவிடுகிறது. மேக்ரோ உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பொறுமையாக இருந்தால் முடிந்துவிடும். ஆனால் இதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? டாஸ்க் மேனேஜரில் போய் மூடிவிடுகிறார்கள்.

டூஈவென்ட்ஸ் என்ற கட்டளையைப் போடச் சொன்னார்கள், உள் லூப்பில் போட்டேன். உறைவது நின்றது, ஆனால் வேகம் படுத்துவிட்டது. அதைவிட மோசம், ஓடும்போது ஒருவர் வேறு ஷீட்டைக் கிளிக் செய்ய, மீதி விலையெல்லாம் அங்கே போய் எழுதிவிட்டது. செய்தது மேக்ரோ என்பதால் அன்டூவும் இல்லை. சரியான வழி எது?

பதில் 1:

முதலில் ஏன் உறைகிறது என்று பார்ப்போம். வி.பி.ஏ ஓடுவதும், எக்செல் தன் திரையை வரைவதும், மவுஸ் கிளிக்கை வாங்குவதும் எல்லாம் ஒரே திரெட்டில்தான் (ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் வரிசை) நடக்கின்றன. உங்கள் லூப் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை மற்ற எதற்கும் வழி கிடையாது. ஒரு புரோகிராம் ஏறக்குறைய 5 நொடிகளுக்கு விண்டோஸ் அனுப்பும் செய்திகளை எடுக்கவில்லை என்றால், விண்டோஸ் அதைத் தொங்கிவிட்டதாகக் கருதி, அதன் இடத்தில் ஒரு போலித் திரையை வைத்துவிடும். ஸ்டேட்டஸ் பார் நின்றதாகத் தெரிந்ததும் அதனால்தான்.

டூஈவென்ட்ஸ் என்பது ‘காத்திருக்கிற செய்திகளை இப்போது கவனி’ என்று வழிவிடுவது. 40,000 × 6,000 என்றால் 24 கோடி சுற்று, ஒவ்வொன்றிலும் வழிவிட்டால் வேலை எப்படி நகரும்? வெளி லூப்பில் வைத்து, டைமர் (நொடிகளை எண்ணித் தரும் ஃபங்ஷன்) மதிப்பைப் பார்த்து, கடைசியாக வழிவிட்டு கால் நொடி ஆகியிருந்தால் மட்டும் கூப்பிடுங்கள். ஸ்டேட்டஸ் பாரையும் அப்போதே மாற்றுங்கள்.

வேறு ஷீட்டில் எழுதியதற்குக் காரணம், ரேஞ்சுக்கு முன்னால் ஷீட் பெயர் இல்லாததுதான். சாதாரண மாட்யூலில் வெறும் ரேஞ்ச் என்று எழுதினால் அந்த நேரத்தில் எது ஆக்டிவ் ஷீட்டோ அதுதான். தொடக்கத்திலேயே ஒரு வொர்க்‌ஷீட் வேரியபிளில் ஷீட்டைப் பிடித்து வைத்து எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். அப்புறம் இன்னொன்று: டூஈவென்ட்ஸ் இருந்தால் அதே பட்டனை இரண்டாம் முறையும் அழுத்த முடியும், மேக்ரோவுக்குள்ளேயே மேக்ரோ மறுபடி தொடங்கிவிடும். ‘ஓடுகிறது’ என்று ஒரு பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும் கொள்ளும் வேரியபிள்) வைத்து, அது ட்ரூ என்றால் உடனே வெளியேறுங்கள். ஃபைலை மூடுவதையும் பிஃபோர்குளோஸில் (ஃபைல் மூடப்படும் முன் தானே ஓடும் பகுதி) அதே பூலியனைப் பார்த்துத் தடுத்துவிடலாம்.

பதில் 2:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம். உறையாமல் ஓடவைப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், இவ்வளவு நேரம் ஓட வேண்டிய வேலையா இது என்று கேளுங்கள். நேரத்தைத் தின்பது செல்லைத் தொடுவதுதான். ஒவ்வொரு முறை செல்லைப் படிக்கும்போதும் வி.பி.ஏ எக்செலிடம் போய் வருகிறது. முழு ரேஞ்சையும் வேல்யூ2 மூலம் ஒரே தடவையில் ஒரு வேரியன்ட் வேரியபிளுக்குள் எடுத்தால் அது அரேயாக (மெமரியில் இருக்கும் மதிப்புகளின் அட்டவணை) வந்துவிடும். விலைப்பட்டியலை ஒரு டிக்‌ஷனரியில் போடுங்கள், குறியீடு கீ (தேடும் பெயர்), விலை ஐட்டம் (கிடைக்கும் மதிப்பு). 6,000 முறை அதில் சேர்ப்பது, 40,000 முறை கேட்பது, அவ்வளவுதான். 24 கோடி என்ற பேச்சே இல்லை. விடைகளை இன்னொரு அரேயில் சேர்த்துக் கடைசியில் ஒரே தடவையாக ஷீட்டில் இறக்குங்கள்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒரே ஒரு செல்லைப் படித்தால் அரே வராது, வெறும் மதிப்புதான் வரும், அங்கே பிழை வரும். அடுத்தது, ஃபார்முலா இருக்கிற நெடுவரிசையின் மேல் அரேயை இறக்கினால் ஃபார்முலா போய் மதிப்பு மட்டும் நிற்கும்.

ஸ்கிரீன்அப்டேட்டிங்கை (திரையை அவ்வப்போது வரைவது) ஃபால்ஸ் ஆக்குங்கள், கால்குலேஷனை மேனுவலுக்கு மாற்றுங்கள். மேக்ரோ முடிந்ததும் ஸ்கிரீன்அப்டேட்டிங் தானே திரும்பிவிடும், கால்குலேஷன் திரும்பாது. எனேபிள்ஈவென்ட்ஸை (ஈவென்ட் மேக்ரோக்கள் தானே ஓடுவதை அனுமதிக்கும் அமைப்பு) மாற்றியிருந்தால் அதுவும் திரும்பாது. நடுவில் பிழை வந்து நின்றால், அதற்குப் பிறகு எதுவும் கணக்கிடப்படாமல் பழைய எண்களோடு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் ஆன் எர்ரர் கோட்டூ (பிழை வந்தால் குறிப்பிட்ட இடத்துக்குத் தாவச் சொல்வது) வைத்து, எந்த வழியில் வெளியேறினாலும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பகுதியைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று எழுதுங்கள். எனேபிள்கேன்சல்கீயை (எஸ்கேப் அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்ற அமைப்பு) எக்ஸ்எல்எர்ரர்ஹேண்ட்லர் என்று வைத்தால் எஸ்கேப் அழுத்தியதும் 18-ஆம் எண் பிழையாக அதே இடத்துக்கு வரும், பயன்படுத்துகிறவருக்கு நிறுத்தவும் ஒரு வழி கிடைக்கும்.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. டிக்‌ஷனரி, அரே இரண்டும் போட்டுப் பார்த்தேன், ஸ்டேட்டஸ் பாரைப் படிப்பதற்குள் முடிந்துவிட்டது! ஆனால் இன்னொரு மேக்ரோ இருக்கிறது, நூற்றுக்கணக்கான ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, மூட வேண்டும். அதில் அரே உதவாது, நீங்கள் சொன்னபடி டைமர் பார்த்து டூஈவென்ட்ஸ் வைத்திருக்கிறேன், இரவெல்லாம் ஓடுகிறது. நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் மறுபடி உறைகிறது, ஏன் என்று புரியவில்லை.

பதில் 1:

அது நான் சொன்ன டைமரால் வந்தது, முன்பே எச்சரித்திருக்க வேண்டும், மன்னிக்கவும். டைமர் தருவது நள்ளிரவிலிருந்து எண்ணும் நொடிகள், 12 மணிக்கு மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். உங்களிடம் இருக்கும் பழைய மதிப்பு 86,000-க்கு மேல், புதியது ஒன்றோ இரண்டோ, கழித்தால் நெகட்டிவ். கால் நொடியைத் தாண்டவே தாண்டாது, டூஈவென்ட்ஸும் வராது. புதியது பழையதைவிடச் சின்னதாக இருந்தால் பழையதைப் புதியதாக மாற்றிவிடுங்கள், போதும்.

பதில் 3:

ஃபைல் வேலைக்கு நான் டூஈவென்ட்ஸையே விட்டுவிட்டு அப்ளிகேஷன்.ஆன்டைமுக்கு (குறித்த நேரத்தில் ஒரு மேக்ரோவைத் தொடங்க எக்செலிடம் சொல்வது) மாறிவிட்டேன். ஒரு ஃபைலை முடித்ததும் ‘அடுத்ததை இப்போது தொடங்கு’ என்று பதிவு செய்துவிட்டு மேக்ரோ முடிந்துவிடும். நடுவில் எக்செல் முழுமையாக விடுபடுவதால், மேக்ரோவுக்குள் மேக்ரோ என்ற சிக்கல் வராது. யாராவது ஒரு செல்லுக்குள் டைப் செய்துகொண்டிருந்தால் அவர் முடிக்கும்வரை அடுத்த பகுதி காத்திருக்கும். எத்தனையாவது ஃபைல் என்பதை மட்டும் வேரியபிளில் வைக்காமல் ஒரு செல்லில் எழுதிவையுங்கள். கோட் ரீசெட் ஆனால் வேரியபிள் அழிந்துவிடும். செல்லில் இருந்து, அவ்வப்போது ஃபைலையும் சேமித்தால், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.