சினைப்பை கட்டின்னு ஸ்கேன்ல வந்திருக்கு, கர்ப்பப்பை கட்டியாவும் இருக்கலாமாமே?

அம்பைக்காரி:
எங்க அம்மாவுக்கு 47 வயசு, பீரியட்ஸ் இன்னும் நிக்கல. வயிறு உப்பிக்கிட்டே வந்துச்சு, கேஸுதாம்னு ஓமத்தண்ணிய குடிச்சிக்கிட்டு கெடந்தாவ, இப்ப ஸ்கேன் பாத்தா வலது சினைப்பை பக்கம் பெரிய கட்டி, வயித்துல நீரும் கோர்த்திருக்காம். ரத்தத்துல பாக்குற கேன்சர் மார்க்கராம் சிஏ 125, அது வேற 180. டாக்டரம்மா எம்ஆர்ஐ எடுங்க, கர்ப்பப்பைல வர்ற கேன்சர் இல்லாத சதைக்கட்டி, ஃபைப்ராய்டாவும் இருக்கலாம்ங்காவ. அதுக்குள்ள தெருவே கேன்சர்னு முடிவு கட்டிட்டு, அம்மா சோறே எறங்க மாட்டேங்கு. எங்கள தேத்த சொல்லுதாவளா, நெசமாவே அப்படி மாறித் தெரியுமா?

டவுன்_மதினி:
தெரியும்மா. எங்க நாத்தனாளுக்கும் சினைப்பைன்னுதான் எழுதிருந்தாவ, வயித்த தொறந்தா கர்ப்பப்பைல இருந்து விரல் தண்டி காம்புல தொங்குது. அறுத்து காட்டுனப்ப பாத்தேன், உள்ள வெள்ளையா நூல்கண்டு சுத்துனாப்புல இருந்துச்சு. பயாப்சில சாதா ஃபைப்ராய்டு.

பாளை_ரேடியோகிராபர்:
காம்பு உள்ள ஃபைப்ராய்டு சினைப்பை பக்கத்துல போய் உக்காந்துக்கும், உள்ள சிதைஞ்சு நீர்ப்பை மாதிரி ஆயிட்டா சாதா ஸ்கேன்ல பிரிச்சு சொல்றது கஷ்டம். எம்ஆர்ஐல ரெண்டு சினைப்பையும் தனியா தெரியுதா, கர்ப்பப்பைல இருந்து கட்டிக்கு ரத்தக்குழாய் போகுதான்னு பாப்பாங்க, தெரிஞ்சா பாதி பயம் போச்சு. சிஏ 125 ஒண்ணும் கேன்சர மட்டும் காட்டுற டெஸ்ட் இல்லங்க, 35க்கு மேல போனாலே ஜனங்க அழ ஆரம்பிச்சிருதாங்க, ஆனா ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளிய வளர்றது), வயித்து டிபி, ஏன் பீரியட்ஸ் நேரத்துல கூட ஏறும். நீர் கோர்க்கதும் ஃபைப்ராய்டுல அபூர்வமா உண்டு, நெஞ்சுலயும் சேந்து கோர்த்தா சூடோ மெய்க்ஸ்ம்பாங்க, கட்டிய எடுத்தா நீரும் வத்திரும்.

நர்ஸக்கா:
இதெல்லாம் படிச்சிட்டு ஃபைப்ராய்டேதாம்னு உக்காந்துராதீய தாயி. நீரு, 180, ரெண்டும் சேந்திருக்கதால கேன்சர் இல்லன்னு, கட்டிய எடுத்து பயாப்சி வர்ற வரைக்கும் யாரும் சொல்ல முடியாது. புற்றுநோய் ஆபரேஷன் பண்ற டாக்டர் இருக்க எடமா பாருங்க, கட்டிய உடைக்காம முழுசா எடுக்கணும், ஆபரேஷன் நடக்கும்போதே கட்டிய உறைய வச்சு சோதிக்குற ஃப்ரோசன் செக்ஷன் பாக்க வசதி இருக்கான்னும் கேளுங்க. கட்டில ஊசி குத்தி சோதிக்கலாம்னு யாராச்சும் சொன்னா உங்க டாக்டர கேக்காம சரின்னுராதீய, கேன்சரா இருந்தா பரவ வாய்ப்பிருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா இப்பவே எடுத்து வைங்க.

அம்பைக்காரி:
கார்டு இருக்குக்கா. எம்ஆர்ஐக்கு ஊசி மருந்து போடணுமாம், அம்மா சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுதாவ, நிப்பாட்டணுமா?

பாளை_ரேடியோகிராபர்:
எம்ஆர்ஐ மருந்துக்கு வழக்கமா நிப்பாட்ட வேண்டாம், சிடி ஸ்கேன் மருந்துக்குத்தான், அதுவும் கிட்னி சரியில்லன்னா. கிட்னிக்கு பாக்குற கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் மாத்திரை சீட்டையும் கையோட கொண்டு போய் காட்டிருங்க. தாலிச்செயின வீட்டுலயே கழத்தி வச்சிட்டு வர சொல்லுங்க, இங்க வந்து கழத்த மாட்டேன்னு நிப்பாங்க.