டிக்கெட் எடுத்து விமானத்தில் போகாமல் அகதிகள் ஏன் படகில் ஏறுகிறார்கள்?

மதியழகி:
ரொம்ப நாளாக உள்ள சந்தேகம். படகில் ஏற்றிவிடும் ஏஜென்ட் விமான டிக்கெட்டைவிடப் பல மடங்கு வாங்குகிறான். உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. அடைக்கலம் கேட்க எவருக்கும் உரிமை உண்டு என்று 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 14ஆம் பிரிவே சொல்கிறது. பிறகு ஏன் விமானத்தில் போய் இறங்கி அங்கேயே கேட்பதில்லை?

ராஜி:
விமான நிலைய செக்-இன் கவுன்டரில் பல வருடம் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். நாங்கள் ஏறவே விடமாட்டோம், மதி.

பாஸ்போர்ட்டை வாங்கியதும் எந்த நாட்டவர், எங்கே போகிறார், எந்த வழியாக என்று டிமாட்டிக்கில் (எந்த நாட்டுக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று காட்டும் கணினித் தகவல் தளம்) தட்டிப் பார்ப்போம். விசா வேண்டும் என்று வந்து, கையில் விசா இல்லையென்றால் போர்டிங் பாஸ் கிடையாது. மீறி ஏற்றினால் அபராதம் விமான நிறுவனத்துக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001 உத்தரவு அதை ஆளுக்கு 3,000, 5,000 யூரோ என்ற அளவில் வைக்கச் சொல்கிறது. திருப்பிக் கூட்டிவரும் செலவும் நிறுவனத்தின் தலையில்தான். அகதிகளுக்குப் பாதுகாப்பு தரும் சர்வதேச ஒப்பந்தத்துக்குப் பாதகம் வரக்கூடாது என்றும் அதே உத்தரவில் ஒரு வரி உண்டு. ஆனால் பின்னால் வரிசை நிற்கும்போது, எதிரே நிற்பவர் அகதியா என்று விசாரிக்க எனக்கு என்ன பயிற்சி, என்ன அதிகாரம்?

இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒரு அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை. "மேடம், ஏத்தி மட்டும் விடுங்க, அங்க போய் நான் பேசிக்கிறேன்" என்றார். பெல்ட்டில் வைத்த பெட்டிகளை நான்தான் இறக்கிக் கொடுத்தேன். அவருக்கு மறுப்புக் கடிதம் இல்லை, அப்பீல் இல்லை. எந்த நாடும் அவரைத் திருப்பி அனுப்பியதாகக் கணக்கில் வராது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

இளங்கோ:
கடலிலும் இதே வேலைதான் நடக்கிறது. 2009இல் சோமாலியர்களையும் எரித்திரியர்களையும் இத்தாலி தன் கப்பலில் ஏற்றி லிபியாவில் கொண்டுபோய் விட்டது. அது தவறு என்று 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கப்பல் இத்தாலியுடையது, அதனால் பொறுப்பும் இத்தாலியுடையது. லிபியாவோடு போட்ட 2017 ஒப்பந்தத்துக்குப் பிறகு, இத்தாலி லிபியக் கடலோரக் காவல்படைக்குப் படகும் பயிற்சியும் கொடுத்து, அகதிகளைப் பிடிக்கும் வேலையை அந்தப் படையையே செய்ய வைக்கிறது.

நம் ஆட்கள் கதையும் உண்டு. 2014இல் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய 157 இலங்கைத் தமிழர்களை ஆஸ்திரேலியா நடுக்கடலில் மறித்து, சுங்கக் கப்பலிலேயே ஏறத்தாழ ஒரு மாதம் அடைத்து வைத்தது. அது சட்டப்படி சரி என்று 2015இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் சொன்னது.

செந்தில்:
யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்க ஒரு நாட்டுக்கு உரிமை இல்லையா?

ராஜி:
தாராளமாக உண்டு, செந்தில். மறுப்பதென்றால் அந்த நாட்டு அதிகாரி விசாரித்து, காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு மறுக்கட்டும். சம்பளத்துக்கு நிற்கும் கவுன்டர் பெண்ணிடம் அந்த வேலையைத் தள்ளக்கூடாது.

மதியழகி:
சரி அக்கா, அடைக்கலம் கேட்கவென்றே தூதரகத்தில் விசா வாங்க முடியாதா?

ராஜி:
பெரும்பாலான நாடுகளில் அப்படி ஒரு விசாவே இல்லை, மதி. சுற்றுலா விசாவுக்குப் போனால் பேங்க் ஸ்டேட்மென்ட், வேலைக் கடிதம், திரும்பி வருவதற்கு ஆதாரம் கேட்பார்கள். உயிர் தப்பி ஓடுகிறவர் எதைக் காட்டுவார்? அலெப்போவிலிருந்து ஒரு சிரியக் குடும்பம் பெய்ரூட்டில் உள்ள பெல்ஜியம் தூதரகத்துக்குப் போய், அடைக்கலம் கேட்கத்தான் போகிறோம் என்று உண்மையைச் சொல்லியே விசா கேட்டது. கிடைக்கவில்லை. அப்படி விசா கொடுக்க ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் எந்த உறுப்பு நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை என்று 2017 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.