ஏலகிரி ட்ரிப்ல மாமியாருக்கு கால் டீடாக்ஸ் பண்ணோம், தண்ணி டிகாஷன் கலர்ல மாறிடுச்சு, இது நிஜமா?

காட்பாடி மருமக:
எல்லாருக்கும் வணக்கம். போன சனி ஞாயிறு பசங்களுக்கு லீவுன்னு குடும்பத்தோட ஏலகிரி போயிருந்தோம், நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, என் மாமியார். அத்தைக்கு 63 வயசு, 12 வருஷமா சுகர், காலைலயும் நைட்டும் மாத்திரை. அந்த 14 வளைவும் ஏறி முடிக்கிறதுக்குள்ள சின்னவனுக்கு ரெண்டு வாட்டி வாந்தி, அத்தைக்கு கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. புங்கனூர் ஏரில படகு கூட வேணாம்னு கரையிலயே உக்காந்துட்டாங்க.

நாங்க தங்கின எடத்துல ஒரு ஸ்பா இருந்துச்சு, அங்க ஒரு தம்பி அத்தை காலைப் பாத்துட்டு அயானிக் ஃபுட் டீடாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, உடம்புல சேர்ந்திருக்கிற நச்சு எல்லாம் பாதம் வழியா இறங்கிடும்னு சொன்னாப்ல. அரை மணி நேரம், 1,200 ரூபா. ஒரு டப்ல சுடுதண்ணி ஊத்தி, ரெண்டு கை உப்பு போட்டு, கம்பிச் சுருள் மாதிரி ஒண்ணை உள்ள விட்டு மிஷினை ஆன் பண்ணாங்க. மொதல்ல ஒண்ணும் இல்ல, ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு லேசா மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, முடியும்போது நல்லா கெட்டி டிகாஷன் மாதிரி ஆயிடுச்சு, மேல நுரை, அடியில கறுப்பு கறுப்பா துகள். லேமினேட் பண்ண ஒரு அட்டைய காட்னாங்க, அதுல ஆரஞ்சுன்னா மூட்டு, பிரவுன்னா ஈரல், பச்சைன்னா பித்தப்பை, வெள்ளை நுரைன்னா நிணநீர்னு போட்டிருந்துச்சு. அத்தை அந்த தண்ணியவே பாத்துட்டு இருந்தாங்க, கண்ணுல தண்ணி வந்துடுச்சு, "இவ்ளோ அழுக்கையா நான் உள்ள வெச்சிட்டு இருந்தேன்"னு கேட்டாங்க. எனக்கே மனசு கஷ்டமாயிடுச்சு.

அன்னிக்கி நைட்டு நல்லா தூங்கினாங்க, அதை மறைக்கல. ஆனா அந்த தம்பி, பத்து சிட்டிங் எடுத்தா சுகர் தானா எறங்கும், மாத்திரைய கொஞ்சம் கொஞ்சமா விட்டுடலாம்னு சொல்லிட்டாப்ல. மிஷினே வேணும்னா 18,000, கொரியர்ல வீட்டுக்கே வரும்னு நம்பர் வேற குடுத்துருக்காப்ல. வீட்டுக்காரர் அம்மாவுக்காக வாங்கிடலாம்ன்றார். இன்னிக்கி புதன், ஞாயித்துக்கெழமைலருந்து அத்தை நைட்டு மாத்திரைய போடலன்னு இன்னிக்கிதான் எனக்கு தெரிஞ்சுது. அந்த தண்ணில வந்தது நிஜமாவே உடம்பு அழுக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சிப்காட் பிளேட்டிங்:
யம்மா மொதல்ல மாத்திரைய போட சொல்லும்மா. அப்புறம் மத்ததெல்லாம் பேசிக்கலாம்.

நான் ராணிப்பேட்டைல பிளேட்டிங் பட்டறைல (ஒரு உலோகத்து மேல இன்னொரு உலோகத்த பூசற எடம்) 16 வருஷமா வேல செய்றேன், தொட்டில கெமிக்கல் தண்ணி, அதுல கம்பி, அதுக்கு டிசி கரண்ட், தெனம் அதான் என் பொழப்பு. நீ சொல்ற மிஷினும் அதே கதைதான். உப்புத்தண்ணில இரும்பு இல்ல ஸ்டீலு கம்பிய வுட்டு டிசி கரண்ட் குடுத்தா பிளஸ் பக்கம் இருக்கற கம்பி கரையும், கரைஞ்ச இரும்பு தண்ணியோட சேந்து துருவா மாறும், மொதல்ல கொஞ்சம் பச்சையா இருக்கும், காத்து பட பட மஞ்சள், ஆரஞ்சு, பிரவுனு. உப்பு எவ்ளோ போட்டாங்க, தண்ணி போர் தண்ணியா என்னா, எவ்ளோ நேரம் ஓடுச்சு, இதை வெச்சுதான் கலர் மாறும். ஈரலுக்கும் பித்தப்பைக்கும் அதுல ஒரு வேலையும் கெடையாது. அந்த நுரை வந்துச்சு பாரு, மைனஸ் பக்கம் கெளம்புற கேஸு கால்ல இருக்கற எண்ணெ சோப்போட சேந்து வர்றது.

இன்னொரு விஷயம் யோசிச்சு பாரு. இந்த மிஷின விக்கிறவங்களே இத்தினி வாட்டி ஓட்டுனதும் கம்பிய மாத்தணும்னு சொல்வாங்க. அழுக்கு உடம்புலருந்து வந்தா கம்பி ஏன் தேயணும்? எங்க தொட்டிலயும் அப்டிதான், நிக்கல் பிளேட்டிங்ல ஆனோடு, அதான் பிளஸ் பக்கத்து கம்பி, தேஞ்சு தேஞ்சு கொச்சக்கயிறு மாரி ஆயிடும், புதுசு மாட்டுவோம்.

உங்க வீட்டுக்காரருக்கு நம்பிக்க வரலன்னா ஒண்ணு பண்ணுங்க. ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி, ஒரு ஸ்பூன் உப்பு, ரெண்டு இரும்பு ஆணி (ஸ்டெயின்லெஸ் வேணாம், அதுல குரோமியம் நிக்கல்லாம் இருக்கு), ஒரு 9 வோல்ட் பேட்டரி. ரெண்டு ஆணியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பாத்துக்கோங்க. ஜன்னல தொறந்து வெச்சிட்டு பண்ணுங்க, பிளீச்சிங் பவுடர் வாசன லேசா வரும். ப்ளக் பாயிண்ட் கரண்ட்லாம் தொடவே கூடாது, பேட்டரி மட்டும்தான். கொஞ்ச நேரத்துல அதே டிகாஷன் வரும், யாரும் கால வெக்கல.

வாணியம்பாடி பாய்:
நான் போன வருஷம் தாய்லாந்து டூர் போனப்ப இதே மாதிரி பண்ணிருக்கேன், கலர் மேட்டர் எனக்கு தெரியாது ஆனா நல்லா ரிலாக்ஸா இருந்துச்சு, நாள் பூரா நடந்த கால் வலி போயிடுச்சு, அதனால சும்மா ஏமாத்துன்னு மட்டும் சொல்ல மனசு வரல. அங்க ஒரு பேட் கூட குடுத்தாங்க, ராத்திரி உள்ளங்கால்ல ஒட்டிட்டு தூங்கினா காலைல கறுப்பா பிசுபிசுன்னு இருக்கும். மின்சாரமே இல்லியே அதுல, அப்ப அது மட்டும் எப்டி கறுப்பாவுது? தெரிஞ்சிக்கதான் கேக்கறேன்.

ஆற்காடு டீச்சர்:
நல்ல கேள்வி பாய். அந்த பேட் உள்ள மூங்கில் வினிகர், மர வினிகர்ப் பொடி வெச்சிருப்பாங்க, ஈரம் பட்டா கறுத்துடும். ராத்திரி பூரா உள்ளங்கால் வேர்க்கும், அந்த ஈரம் போதும். இட்லிப் பானை ஆவில கொஞ்ச நேரம் காட்டிப் பாருங்க, அப்பவும் அதே கறுப்புதான். அமெரிக்காவுல இதை டிவில விளம்பரம் பண்ணி வித்தவங்க மேல அரசோட வர்த்தக ஆணையம் 2009-ல வழக்கு போட்டு, அப்புறம் அவங்க இதை விக்கவே கூடாதுன்னு தடையும் வந்துச்சு.

கால் டப் மேட்டருக்கும் சோதனை பண்ணிருக்காங்க. 2012-ல ஒரு மருத்துவ இதழ்ல வந்துச்சு, 6 பேரை வெச்சு பண்ணது, சின்ன ஆய்வுதான், ஆனா செஞ்ச விதம் தெளிவா இருக்கும். கால் வெக்காம ஓட்டின தண்ணியையும் கால் வெச்சு ஓட்டின தண்ணியையும் டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க, அவங்க யூரினையும் முடியையும் கூட பாத்தாங்க. பாதம் வழியா நச்சு எறங்கினதுக்கு ஒரு அடையாளமும் கெடைக்கல.

நீங்க சொன்ன ரிலாக்ஸ் பொய் இல்ல பாய், இதமான தண்ணில அரை மணி நேரம் காலை வெச்சு உக்காந்தா யாருக்கும் சுகமாத்தான் இருக்கும், தூக்கமும் வரும். அதுக்கு மிஷின் வேணாம், ஒரு பக்கெட் போதும். நச்சு எடுக்கற வேலைக்கு ஈரலும் சிறுநீரகமும் இருக்கு, சிறுநீரகம் ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டுது. மருமக, நீங்க அத்தைகிட்ட மொதல்ல சொல்ல வேண்டியது இதுதான், உங்க உள்ள அழுக்கு இல்ல அத்தை, அது கம்பியோட துருன்னு. அவங்க அழுதாங்கன்னு எழுதினீங்களே, அதை படிச்சதுலருந்து எனக்கு அதே நெனப்பாத்தான் இருக்கு.

சாயிநாதபுரம் சிஸ்டர்:
எல்லாரும் கலரைப் பத்தி பேசிட்டு இருக்கீங்க, எனக்கு பயமா இருக்கறது அந்த சுடுதண்ணிய நெனச்சுதான். நான் நர்ஸ், பல வருஷமா சுகர்க்காரங்க கால் கட்டுற வேலைதான் பாக்கறேன். 12 வருஷ சுகர்னா பாதத்துல நரம்பு பாதிச்சிருக்க நெறைய வாய்ப்பு இருக்கு, மதமதன்னு இருக்கும், சூடு தெரியாது, குத்தினாலும் தெரியாது. "தண்ணி இதமா இருக்கா பாட்டி"ன்னு கேட்டா இருக்குன்னுதான் சொல்வாங்க, அவங்களுக்கு கொதிக்கிற தண்ணியும் இதமாத்தான் தெரியும். அந்த தம்பி முழங்கையை விட்டு சூடு பாத்தாரா? இல்ல கேட்டுட்டு விட்டாரா? அரை மணி நேரம் உப்புத்தண்ணில ஊற வெச்சா தோல் வேற வெந்து, விரலிடுக்குல வெடிச்சுடும்.

இந்த விஷயம் நம்ம ஊருக்கு புதுசு இல்லமா. பால் பிராண்ட் டாக்டர் 1946-ல நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்து தொழுநோய்க்காரங்களை பாத்தப்ப, விரல் போறது சதை தானா அழுகறதால இல்ல, வலி தெரியாததால சுட்டுக்கறதும் குத்திக்கறதும் அதை அப்டியே வெச்சு நடக்கறதும்தான்னு எடுத்து சொன்னார். அந்த பாடத்தை வெச்சுதான் இன்னிக்கி சுகர் காலையும் பாக்கறோம். மெல்லிசா நைலான் இழை மாதிரி ஒண்ணை உள்ளங்கால்ல வெச்சு வளையற அளவுக்கு அழுத்தி, தெரியுதான்னு கேப்போம், கண்ணை மூடிட்டு சொல்லணும். தெரியலன்னா அந்த காலுக்கு காவல் கண்ணுதான்.

அதனால இப்பவே ஒண்ணு பண்ணுங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. அத்தையை வெளிச்சத்துல உக்கார வெச்சு ரெண்டு உள்ளங்காலையும் பாருங்க, அடியில ஒரு மொகம் பாக்கற கண்ணாடிய வெச்சா அவங்களே பாக்கலாம். குதிகால், கட்டைவிரல் அடி, விரலிடுக்கு. கொப்புளம், செவப்பு, ஈரம், நாத்தம் எதுனா இருந்தா மஞ்சள் அப்பறது, பத்து போடறது எதுவும் வேணாம், செருப்பு கடிச்சதா இருக்கும்னும் விட்றாதீங்க. சுகர் மெஷின் வீட்ல இருந்தா இப்பவே பாத்து எவ்ளோன்னு போடுங்க. நிறுத்தின மாத்திரைய டபுளா போடக்கூடாது, வழக்கமான நேரத்துல வழக்கமான ஒண்ணு மட்டும்.

காட்பாடி மருமக:
சிஸ்டர், கை நடுங்குது எனக்கு. உங்க பதிலைப் பாத்த ஒடனே அத்தையை ட்யூப் லைட் கீழ உக்கார வெச்சு பாத்தேன். எடது கால் சுண்டு விரலுக்கு கீழ ரெண்டு ரூபா காசு அளவுக்கு கொப்புளம், அதுவும் ஒடஞ்சு தோல் சுருண்டு கெடக்கு, சுத்தி செவந்திருக்கு. நான் விரல் வெச்சு பக்கத்துல அழுத்தறேன், அத்தை "எங்கடி தொடற"ன்னு கேக்கறாங்க. திங்கக்கெழமை அவங்க பெட்ஷீட் துவைக்கும்போது கால்மாட்டுல மஞ்சளா ஒரு கறை இருந்துச்சு, பசங்க எதையோ கொட்டிட்டாங்கன்னு நெனச்சு தேச்சுட்டேன். சுகர் 318 காட்டுது. தண்ணி சூட்டை அந்த தம்பி கையை விட்டு பாக்கவே இல்ல, கேட்டாப்ல, அத்தை இதமா இருக்குன்னாங்க, அவ்ளோதான்.

சாயிநாதபுரம் சிஸ்டர்:
அழாதீங்கமா, இப்ப பாத்தீங்களே அதுவே பெரிசு. குழாய்த் தண்ணில மெதுவா கழுவி, சுத்தமான துணில ஒத்தி எடுத்து, மேல சுத்தமான காஸ் துணி மட்டும் வெச்சு லூசா கட்டுங்க. அந்த தோலை பிச்சு எடுக்காதீங்க. தரைல கால் ஊனி நடக்க விடாதீங்க, பாத்ரூமுக்கு கூட கை புடிச்சு கூட்டிட்டு போங்க. ராத்திரில காய்ச்சல், குளிர், செவப்பு மேல ஏறுறது, இதுல எது வந்தாலும் விடியற வரைக்கும் காத்திருக்காம கேஷுவாலிட்டிக்கு போங்க. இல்லன்னா காலைல மொத வேலையா டாக்டர்கிட்ட.

சிப்காட் பிளேட்டிங்:
சிஸ்டர் சொன்ன மாரி பண்ணும்மா. நான் கம்பி கரையறத பத்தியே எழுதிட்டு இருந்தேன், சூடு எனக்கு தோணவே இல்ல. காலைல ஆட்டோ கெடைக்கலன்னா இங்க ஒரு வார்த்தை போடு, காட்பாடில நம்ம பசங்க கீறாங்க.

காட்பாடி மருமக:
ரெண்டு நாளா எழுத முடியல, மன்னிச்சுக்கோங்க. மறுநாள் காலைல ஏழு மணிக்கே போயிட்டோம். எலும்புக்கு போகல, மேல் தோலோட நின்னுருக்குன்னு சொன்னாங்க, இன்னும் நாலு நாள் விட்டிருந்தா வேற மாதிரி ஆயிருக்கும்னு டாக்டர் வீட்டுக்காரர்கிட்டயே சொன்னார். கட்டு போட்டு ஆன்டிபயாட்டிக் குடுத்துருக்காங்க, மாத்திரைய மாத்தி எழுதிருக்காங்க, சுகர் இன்னிக்கி காலைல 196. அந்த நைலான் இழை டெஸ்ட்டும் பண்ணாங்க, எடது கால்ல பத்து எடத்துல மூணு எடம்தான் அத்தை சொன்னாங்க.

மிஷின் ஆர்டர் பண்ணல. வீட்டுக்காரர் ஆணியும் பேட்டரியும் வாங்கிட்டு வந்து பெரியவனை வெச்சு ஜன்னலோரமா டம்ளர்ல பண்ணிக் காட்னார், அண்ணா சொன்ன மாதிரியே மொதல்ல பச்சையா வந்து அப்புறம் பிரவுன். அத்தை சேர்ல உக்காந்து ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு, "அப்ப அது என்னுது இல்லியா"ன்னு கேட்டாங்க. இல்ல அத்தைன்னு சொன்னேன். டீச்சர், நீங்க சொன்னதைத்தான் சொன்னேன்.

கட்டு பிரிக்க செவ்வாக்கெழமை வர சொல்லிருக்காங்க. புண்ணு ஆறினதும் எம்.சி.ஆர் செருப்பு (சுகர் காலுக்குன்னு மெத்துன்னு இருக்கற ரப்பர் செருப்பு) போடணும்னாங்க, கரிகிரி ஆஸ்பத்திரில கால் அளவெடுத்து செஞ்சு குடுப்பாங்கன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. சிஸ்டர், அத்தையை நேர்ல கூட்டிட்டுதான் போகணுமா, இல்ல பாதத்தை பேப்பர்ல வரைஞ்சு எடுத்துட்டு போனா போதுமா? எந்த நாள் போனா பாப்பாங்க?