மின்கம்பி வழியாக நெட்வொர்க்: இரவில் மட்டும் வேகம் விழுகிறது

நண்பர்களே, பவர்லைன் அடாப்டர் (வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கடத்தும் கருவி) பயன்படுத்துகிறவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

ரவுட்டர் கீழே இருக்கிறது. மாடியில் அம்மாவின் அறைக்கு வைஃபை எட்டவே இல்லை. வாடகை வீடு என்பதால் சுவரைத் துளைத்து ஈதர்நெட் கேபிள் இழுக்க முடியாது. அதனால் ஹோம்பிளக் ஏவி2 வகை அடாப்டர் ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். பெட்டியில் 1000 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறது. அவ்வளவு கிடைக்காது என்று தெரியும், பகலில் வரும் 90 எனக்குத் தாராளம். ஆனால் இரவு ஏழு மணிக்கு மேல் 12க்கு இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில்தான் அம்மா மருத்துவரிடம் வீடியோவில் பேச வேண்டும். பாதியில் அறுந்து போகும்போது அம்மா பதறிவிடுகிறார்.

முதலில் ஸ்பைக் கார்டு உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருந்தேன். அதன் ஃபில்டர் சிக்னலை அடக்கிவிடும் என்று படித்த பிறகு நேராகச் சுவர் பிளக்கில் மாற்றினேன், பகல் வேகம் கூடியதே அதற்கப்புறம்தான். இப்போது எல்இடி விளக்குகள் மேலும் போன் சார்ஜர்கள் மேலும் சந்தேகம். சிக்னலைக் கெடுக்கும் மின் இரைச்சல் தருவது எது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

இன்னொன்று, வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு. மாடி வேறு ஃபேஸில் இருந்தால் ஃபேஸ் கப்ளர் (ஒரு ஃபேஸிலிருந்து இன்னொன்றுக்கு சிக்னலைக் கடத்தும் கருவி) உதவுமா? அதை எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் செய்வேன். இல்லை, இரண்டையும் கழற்றிவிட்டு ஜி.எச்என் என்ற வேறு பவர்லைன் வகைக்கு மாறுவது மேலா? இரண்டு வகையும் ஒன்றோடொன்று பேசாது என்பதால் புதிதாக ஒரு ஜோடியே வாங்க வேண்டும். மாறிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.