அம்மா தொடையில கருப்பா புண்ணு, கால்சிஃபைலாக்சிஸ்னு சொல்றாங்க, யார் வீட்லயாவது பாத்திருக்கீங்களா?

தண்டையார்பேட்டை பையன்:
வணக்கம். அம்மாவுக்கு 57 வயசு, இருபது வருஷமா சுகர், நாலு வருஷமா வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். போன மாசம் ரெண்டு தொடையிலயும் வலை விரிச்ச மாதிரி ஊதா கலர்ல கோடு கோடா வந்துச்சு, அமுக்குனா உள்ள கல்லு மாதிரி இருந்துச்சு. அக்கின்னு நெனச்சு கூட்டிட்டுப் போயி காவி எழுதிட்டு வந்தோம். பத்தே நாள்ல நடுவுல கருப்பா பக்கு கட்டிடுச்சு. வலின்னா அப்படி ஒரு வலி, நைட்டி துணி பட்டாலே கத்துறாங்க, ராத்திரி ஃபேன் காத்து கூட ஆகல. பக்கத்து கிளினிக்ல சுகர் புண்ணுன்னு ஆயின்மென்ட் குடுத்தாங்க. நேத்துதான் டயாலிசிஸ் டாக்டர் பாத்துட்டு கால்சிஃபைலாக்சிஸ்னு சொல்லி, ஹார்ட் பீட் சரியில்லன்னு அம்மா சாப்பிடுற வார்ஃபரின் பத்தி ஹார்ட் டாக்டர்கிட்ட உடனே பேசணும்னாரு. ரத்தம் உறையாம இருக்குற மாத்திரைக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்? சதை வெட்டி டெஸ்ட் எடுக்கணுமா? இது ஆறுமா?

பெரம்பூர் டெக்னீஷியன்:
தம்பி, நான் பதினோரு வருஷமா டயாலிசிஸ் யூனிட்ல வேலை பாக்குறேன், இதுவரைக்கும் மூணு பேருக்குத்தான் பாத்திருக்கேன், அதனால கிளினிக்ல தெரியாம போனது ஆச்சரியம் இல்ல. தோலுக்கு அடியில கொழுப்புல ஓடுற பொடி ரத்தக்குழாய் சுவர்ல கால்சியம் படிஞ்சு, குழாய் குறுகி, கடைசியில அடைச்சிக்கும். ரத்தம் போகாத இடம் செத்துப்போயி கருத்துடும். வலி அவ்ளோ இருக்கறதும் அதனாலதான், அம்மா மிகைப்படுத்தல.

வார்ஃபரின் கேட்டீங்கல்ல. குழாய்ல கால்சியம் ஒட்டாம தடுக்க உடம்புலயே ஒரு புரோட்டீன் இருக்கு, அது வேலை செய்ய வைட்டமின் கே வேணும். வார்ஃபரின் அந்த வைட்டமின் கே வேலையையே தடுக்குது. ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க, பக்கவாதம் வந்துடலாம், வேற மாத்திரைக்கு மாத்தறத டாக்டர்தான் முடிவு பண்ணணும். பாஸ்பரஸ் குறைக்க சாப்பாட்டோட போடுற மாத்திரை கால்சியம் வகையா, வைட்டமின் டி போடறாங்களான்னு சீட்டு எடுத்துட்டு போயி கேளுங்க, ரெண்டும் ரத்தத்துல கால்சியத்த ஏத்தும், கால்சியம் இல்லாத செவலமர் மாதிரி மாத்திரையும் இருக்கு. கால்சியத்த கட்டுப்படுத்துற பாராதைராய்டு சுரப்பிக்கான டெஸ்டும் கேளுங்க.

சோடியம் தயோசல்ஃபேட்னு ஒரு மருந்து, டயாலிசிஸ் முடியற கடைசி ஒரு மணி நேரத்துல 25 கிராம் வரைக்கும் ஏத்துவாங்க. பழைய ஃபோட்டோ ஸ்டூடியோவுல ஹைப்போன்னு சொல்வாங்களே, அதே உப்புதான், ஊசிக்குன்னு சுத்தமா தயாரிச்சது. வாந்தி வரும், முன்னாடியே வாந்தி ஊசி போடச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன், ஒருத்தருக்கு நல்லா கேட்டுச்சு. பாத்தாலே தெளிவா இருந்தா சதை வெட்டாமயே வைத்தியம் ஆரம்பிப்பாங்க, ஏன்னா வெட்டின இடமே ஆறாம போயிடும்.

ராயபுரம் அக்கா:
தம்பி, எங்க அப்பாவுக்கு இது வந்துச்சு, வயித்துல. எங்களால காப்பாத்த முடியல, அத மறைக்காம சொல்றேன். அவர கொண்டுபோனது புண்ணு இல்ல, அதுல ஏறின கிருமி. ரெண்டு நாள் லேசா ஜுரம், குளிரு, சாதா ஜுரம்னு பாராசிட்டமால் குடுத்துகினு இருந்துட்டோம். நீங்க அப்படி விட்டுடாதீங்க, 100 தாண்டினா அன்னைக்கே தூக்கிகினு போயிடுங்க. கருப்பா பக்கு கட்டினத வீட்ல பிச்சு எடுக்காதீங்க, எழுதுறது தடவுறது எதுவும் வேணாம்.

அம்மாவுக்கு இன்சுலின் தொடையிலயா போடறீங்க? அந்த இடத்துல ஊசியே படக்கூடாதுன்னு எங்க டாக்டர் சொன்னாரு, எங்க போடணும்னு கேட்டுக்கோங்க. துணி படாம இருக்க நான் பழம் வர்ற அட்டப்பெட்டிய ரெண்டு பக்கமும் திறந்து வயித்து மேல கூடாரம் மாதிரி வெச்சு, அதுக்கு மேல போர்வை போத்தினேன், அன்னைக்குத்தான் அப்பா நாலு மணி நேரம் தூங்கினாரு. வலிக்கு மெடிக்கல்ல கேட்டு டைக்ளோஃபினாக் வாங்காதீங்க. மார்ஃபின் கூட கிட்னி போனவங்க உடம்புல தங்கிடும்னு எங்களுக்கு ஃபென்டானில் பிளாஸ்திரி குடுத்தாங்க. வலிய தாங்கிக்கோம்மான்னு மட்டும் சொல்லாதீங்க.

வண்ணாரப்பேட்டை மருமக:
எங்க மாமியாருக்கு ஆறிச்சு, ஏழு மாசம் ஆச்சு. வாரத்துல மூணு டயாலிசிஸ் அஞ்சாச்சு. நெத்திலி கருவாடு, பால், கூல்டிரிங்க்ஸ் எல்லாம் நிறுத்தினோம், பாஸ்பரஸ் அதுலதான். ஆனா கஞ்சியோட விட்டுடாதீங்க, புண்ணு ஆற புரோட்டீன் வேணும்னு முட்ட வெள்ளக்கரு குடுக்கச் சொன்னாங்க. நெஃப்ராலஜி (கிட்னி வைத்தியம்), பிளாஸ்டிக் சர்ஜரி ரெண்டும் ஒரே இடத்துல இருக்கற பெரிய ஆஸ்பத்திரியா பாருங்க, நமக்கு ஸ்டான்லியே பக்கம்.

தண்டையார்பேட்டை பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, இன்சுலின் தொடையிலதான் போட்டுட்டு இருந்தோம், இப்பவே டாக்டருக்கு போன் பண்ணிட்டேன். சீட்டுல கால்சியம் அசிடேட்னு இருக்கு, வைட்டமின் டியும் இருக்கு. காலையில எல்லா சீட்டும் எடுத்துட்டு போறோம். அட்டப்பெட்டி வெச்சாச்சு, இப்பதான் கண்ண மூடுறாங்க.