பணகுடி பக்கம் தோட்டத்து வீட்டுக்கு சின்ன காத்தாடியா, சோலாரா?

தோப்புக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பணகுடி பக்கத்துல ஒண்ணரை ஏக்கர் தென்னந்தோப்பு, நடுவுல மாடி வீடு. மோட்டாருக்கு இலவச சர்வீஸ் இருக்கு, அதப்பத்தி கவலை இல்ல, வீட்டு கரண்ட்தான் ரெண்டு மாசத்துக்கு 480, 500 யூனிட் ஓடுது, அதோட கரண்ட் போச்சுன்னா ராத்திரி ஃபேன் இல்லாம அப்பாவுக்கு ரொம்ப கஷ்டம். சோலார் போடலாம்னு விசாரிச்சேன். ஆனா ஆரல்வாய்மொழில இருந்து எங்க ஊர் வரைக்கும் எங்க பாத்தாலும் கரண்ட் எடுக்கிற காத்தாடி சுத்துது, மாடில நின்னா வேட்டி நிக்காது, அப்படி இருக்கப்போ மொட்டமாடில 1 கிலோவாட் சின்ன காத்தாடி ஒண்ணு வச்சா என்ன, ராத்திரியும் ஓடுமேன்னு தோணுது. ஆன்லைன்ல சோலார விட கம்மி ரேட்ல கெடக்கு. யாராவது வச்சிருக்கீங்களா?

கழன்ட போல்ட்டு:
அண்ணாச்சி, நான் வச்சேன், அதனாலதான் சொல்றேன், மாடில வைக்காதீங்க. பத்தடி பைப்புல நிறுத்தினேன், ஆனி ஆடியில றெக்கை சுத்துறப்போ கீழ படுத்திருந்தா தலைமாட்டுல மாவு மில்லு ஓடுற மாதிரி செவரு பூரா அதிரும், பைப்பு நட்ட எடத்துல தளத்துல கீறல் விட்டு மழைத்தண்ணி எறங்குச்சு. சரி கரண்ட்டாவது வந்துதான்னு கேட்டா, ஒரு நாள் கூட ஃபிரிட்ஜ் ஓடல, ரெண்டாவது வருசம் பேரிங் போச்சு. வித்தவர் ஃபோன எடுக்கல. இப்போ அந்த பைப்புல கொடி கட்டி துணி காயப்போடுறோம்.

யூனிட் கணக்கு:
மேல சொன்னவருக்கு மெஷின் மட்டும் குத்தம் இல்ல, எடமும் குத்தம். 1 கிலோவாட்னு போட்டிருக்கான்ல, அது நொடிக்கு 11, 12 மீட்டர் வேகத்துல காத்து அடிச்சாத்தான். காத்து வேகம் பாதியானா கரண்ட் பாதி ஆகாது, எட்டுல ஒரு பங்கா எறங்கிடும். அதே மெஷின் 4 மீட்டர் காத்துல கிட்டத்தட்ட 50 வாட்தான் தரும், ஒரு ஃபேன் ஓடுனா பெருசு. நம்ம ஊர்ல பலமான காத்து வைகாசில இருந்து புரட்டாசி வரைக்கும், மீதி மாசம்?

அப்புறம் அந்த பெரிய காத்தாடிய பாத்து மயங்காதீங்க. ஆரல்வாய்மொழி பக்கம் முப்பந்தல்ல நிக்கிற பழைய 225 கிலோவாட் காத்தாடிக்கே றெக்கை வட்டத்தோட குறுக்களவு 27 மீட்டர், தண்டு 30 மீட்டர். அது மரத்துக்கு மேல ஓடுற சுத்தமான காத்த பிடிக்குது. உங்க வீட்ட சுத்தி தென்னை 50, 60 அடி நிக்கும், மாடி அதுக்கும் கீழ, அங்க வர்றது ஓலைல மோதி சுழண்டு வர்ற காத்து. வேட்டி பறக்கும்தான், றெக்கை ஒரு திசைல நிக்காம அலையும், பேரிங் தேயும். சுத்தி 500 அடிக்குள்ள இருக்கிற எதவிடவும் 30 அடி ஒசரமா வைக்கணும்பாங்க, அப்போ உங்களுக்கு 90 அடி டவர். கம்பி இழுத்துக்கட்ட தோப்புல நாலு தென்னைய வெட்டணும், டவர் செலவு மெஷின் வெலைய தாண்டிடும்.

சோலார் கணக்கு எளுசு. 1 கிலோவாட்டுக்கு நாளைக்கு சராசரி 4 யூனிட், 2 கிலோவாட் போட்டா ரெண்டு மாசத்துல 480 வருது, உங்க பில்லுக்கு சரியா இருக்கு. எடம் 200 சதுர அடி. மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் சோலார் திட்டத்துல 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம், காத்தாடிக்கு அதுல ஒண்ணும் கிடையாது.

தேரிக்காட்டான்:
காத்தாடியே வேஸ்ட்னு முடிச்சிராதீங்க. எனக்கு கடலோரத்துல உவரி பக்கம் தேரில, அதான் செம்மண் மணல் காட்டுல, எடம், லைன் இழுக்க நெறைய போஸ்ட் நடணும், சுத்தி முள்ளுச்செடி தவிர மரமே கெடையாது. 60 அடி டவர்ல சின்ன காத்தாடி, கூட நாலு பேனல், பேட்டரி. ஆடியில விடிய விடிய சார்ஜ் ஏறும், கேமராவும் லைட்டும் அதுல ஓடுது. ஆனா உப்புக்காத்துக்கு வருசா வருசம் பெயின்ட் அடிக்கணும், ஐப்பசி கார்த்திகைல வெயிலும் இல்ல காத்தும் இல்ல, ரெண்டும் சேந்து காலை வாரிரும். கரண்ட் லைன் இருந்திருந்தா நானே இந்த பாட்ட பட்டிருக்க மாட்டேன்.

இன்வெர்ட்டர் மெக்கானிக்:
ஒண்ணு எல்லாரும் விட்டுட்டீங்க. மானியத்துல வர்ற சாதா ஆன்கிரிட் சோலார், அதாவது பேட்டரி இல்லாம கரண்ட் லைனோட சேத்து ஓடுறது, கரண்ட் போனா அதுவும் நின்னுரும், லைன்ல வேலை பாக்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்கு. பட்டப்பகல்ல வெயில் கொளுத்தும், வீடு இருட்டா கெடக்கும், அப்புறம் ஏமாத்திட்டான்னு சொல்வீங்க. அப்பாவுக்கு ஃபேன்தான் முக்கியம்னா லைனோடவும் பேட்டரியோடவும் சேந்து ஓடுற ஹைப்ரிட் இன்வெர்ட்டர் கேளுங்க, இல்ல வீட்ல இருக்கிற பழைய இன்வெர்ட்டர் பேட்டரிய ஃபேனுக்கும் லைட்டுக்கும் அப்படியே தனியா வச்சுக்கோங்க, அதான் செலவு கம்மி. பேனல் மேல ஒரு ஓலை நெழல் விழுந்தாலும் வரிசை பூரா கரண்ட் கொறையும், அதையும் பாத்துக்கோங்க.

தோப்புக்காரன்:
ரொம்ப நன்றி, காத்தாடி ஆசைய விட்டாச்சு. நெழல்தான் பிரச்சினை, மாடிக்கு தெக்க ரெண்டு தென்னை நிக்குது, அம்மா வச்சது, வெட்ட விடமாட்டாங்க. தேங்கா போடுற ஷெட்டு மேல வெயில் நல்லா விழும், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, அது மேல போடலாமா?

இன்வெர்ட்டர் மெக்கானிக்:
ஷீட்டு மேல ஏறிராதீங்க, ஒடைஞ்சு உள்ள விழுந்துருவீங்க. தரைல இருந்து தனியா இரும்புக்கால் போட்டு ஷெட்டுக்கு மேல ஸ்ட்ரக்சர் எழுப்புங்க, உங்க ஊர் காத்துக்கு அடில கான்கிரீட் நல்லா கனமா போடச் சொல்லுங்க. ஷெட்டு ஃபோட்டோ ஒண்ணு போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.