பிரான்சில் பழைய விறகு அடுப்பு வாங்குவோர் கவனத்துக்கு

புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்திலிருந்து பிரான்சுக்கு வந்து, நாட்டுப்புறத்தில் சிறிய மரவீடு ஒன்றை வாங்கியிருப்பவர்கள், குளிர் தொடங்கும் நேரத்தில் தவறாமல் கேட்பது, வீட்டைச் சூடாக்கப் பழைய விறகு அடுப்பை வாங்கிப் பொருத்தலாமா என்பதுதான். தாராளமாக வாங்கலாம். ஆனால், அடுப்பைப் பார்க்கப் போவதற்கு முன் உங்கள் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்துவிடுங்கள். அடுப்பு மலிவாகக் கிடைத்துவிடும். புகைபோக்கி இல்லாத வீட்டில் கூரையைத் துளைத்து, இரட்டைச் சுவர் எஃகுக் குழாயை ஏற்றி, மழைநீர் இறங்காமல் அடைத்து முடிப்பதற்குள் அடுப்பின் விலையைப் போலப் பல மடங்கு கைவிட்டுப் போகும். குழாயின் வாய், 8 மீட்டருக்குள் உள்ள எந்தக் கட்டடப் பகுதியையும்விட 40 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டு அரசாணையிலிருந்தே உள்ள விதி. அறைக்குள் தெரியும் ஒற்றைச் சுவர் இணைப்புக் குழாய்க்கும் தீப்பிடிக்கக்கூடிய சுவருக்கும் இடையே குழாய் விட்டத்தின் மூன்று மடங்கு இடைவெளி வேண்டும். 150 மில்லிமீட்டர் குழாய் என்றால் 45 சென்டிமீட்டர். நாற்புறமும் பலகையாக உள்ள வீட்டில் இது எவ்வளவு இடத்தை விழுங்கும் என்பதை நாடாவால் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருத்தித் தருபவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பொருத்திய வேலையில் கோளாறு வந்தால் பத்தாண்டுப் பொறுப்பு தங்கள் தலையில் விழும் என்பதால், வேறிடத்தில் வாங்கிய அடுப்பைத் தொடவே பலர் மறுக்கிறார்கள். தனியாரிடம் வாங்கும் பழைய அடுப்புக்கு அரசு உதவித்தொகையும் கிடையாது.

அடுத்தது அளவு. மார்கழியிலும் மின்விசிறியை நிறுத்தாத ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். குளிரைக் கண்டதும் இருப்பதிலேயே பெரிய அடுப்பைத் தேடுவது இயல்புதான், ஆனால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. ஓரளவு வெப்பக்காப்பு உள்ள வீட்டுக்குப் பத்துச் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது பொதுக்கணக்கு. முப்பது சதுர மீட்டர் வீட்டுக்கு 5 கிலோவாட் அடுப்பே அதிகம். அங்கே 12 கிலோவாட் அடுப்பை வைத்தால், புழுக்கம் தாங்காமல் காற்றுவழியை மூடிவிடுவீர்கள். காற்றில்லாத நெருப்பு எரியாமல் புகையும். அந்தப் புகை குழாயின் குளிர்ந்த பகுதியில் தாராகப் படிந்து, பின்னொரு நாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும்.

விற்பவர் வீட்டுக்குப் போகும்போது கைவிளக்கு ஒன்றும் காகிதத் துண்டுகள் சிலவும் போதும். காகிதத்தை அடுப்பின் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையின்றி வந்துவிட்டால் அந்த இடத்தில் கதவைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிறு செத்துவிட்டது என்று பொருள். கயிறு மாற்றுவது பெரிய செலவல்ல, விலையைக் குறைத்துக் கேட்க மட்டும் பயன்படும். விளக்கை உள்ளே ஏற்றி வைத்துக் கதவை மூடி, அறையை இருட்டாக்கிப் பாருங்கள். மூட்டுகளில் வெளிச்சம் கசிந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். வார்ப்பிரும்பை விரல் முட்டியால் தட்டினால் கோயில் மணிபோல் ஒலிக்க வேண்டும். விரிசல் கண்டது மொத்தென்று கேட்கும். அன்றைக்குத்தான் கறுப்புச் சாயம் அடித்ததுபோல் பளபளக்கும் அடுப்பை நான் நம்புவதில்லை. உள்ளே மேற்புறம் இருக்கும் தடுப்புத் தகடு தொய்ந்திருந்தால், அந்த அடுப்பைத் தாங்குமளவுக்கு மேல் எரித்திருக்கிறார்கள்.

பின்புறத் தகட்டில் ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ (CE) குறியும், இவ்வகை அடுப்புகளுக்கான ஈஎன் (EN) 13240 என்ற தரக் குறியீடும், கிலோவாட் அளவும் இருக்கின்றனவா என்று பார்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள்; மாதிரி எண் தெரிந்தால் கையேட்டைத் தேடி எடுக்கலாம், சுவரிலிருந்து விடவேண்டிய தூரம் அதில் இருக்கும். பிரான்சில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தடைசெய்யப்பட்டது 1997-இல். அதற்கு முந்திய அடுப்பின் கயிற்றில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் அதைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம். அத்தகைய அடுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காமல் விடுங்கள் என்றே சொல்வேன்.

சிறிய வீட்டில் காற்றோட்டத்தை மறந்துவிடுகிறார்கள். வஞ்சிரம் வறுக்கும்போது ஓடவிடும் சமையலறைப் புகை உறிஞ்சி, வெளிக்காற்றுத் துளை இல்லாத வீட்டில், அடுப்புப் புகையை அறைக்குள்ளேயே திருப்பி இழுத்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவி இல்லாமல் இரவில் அடுப்பெரிக்கக் கூடாது. புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது துப்புரவு செய்ய வேண்டும் என்பது 2023 அக்டோபர் முதல் நாடு முழுவதற்கும் உள்ள விதி. செய்தவர் தரும் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். தீவிபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்பது அதைத்தான்.

விறகைப் பொறுத்தவரை, ஊரில் விறகுத் தொட்டியில் சவுக்கை எடைபோட்டு வாங்கிய பழக்கம் இங்கே உதவாது. இங்கே கொள்ளளவில், ‘ஸ்தேர்’ கணக்கில் விற்கிறார்கள்; ஒரு மீட்டர் கட்டைகளாக அடுக்கினால் ஒரு கன மீட்டர் வரும் அதே ஸ்தேர், 33 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் ஏறக்குறைய 0.7 கன மீட்டர்தான் இருக்கும். ஆகவே குவியல் சிறுத்துத் தெரிகிறதே என்று விற்பவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஈரத்தைப் பற்றித்தான் சண்டை போட வேண்டும். ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உள்முகத்தில் ஈரமானியைக் குத்துங்கள்; 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால், அந்த விறகு அடுத்த குளிர்காலத்துக்குத்தான் ஆகும்.